வாரக் காய்கறி: சந்தையா, வண்டியா, செயலியா?

நாளைக்கு மதியம் என்ன குழம்பு என்ற பேச்சு எங்கள் வீட்டில் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் வரும். பேச்சு வந்த பிறகு ஃபிரிட்ஜைத் திறப்போம். முருங்கைக்காய் காய்ந்து குச்சியாகியிருக்கும். கால் கிலோ பீன்ஸ், வாங்கி வந்த கவரிலேயே வியர்த்து வழுவழுத்துப் போயிருக்கும். கடைசியில் உருளைக்கிழங்குதான் கை கொடுக்கும். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை டிபன் பாக்ஸில் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்த மகள், "அப்பா, நம்ம வீட்டுல வேற காயே வாங்குறதில்லையா?" என்று கேட்டாள். வாங்குகிறோம், வாங்கிக் குப்பையில் போடுகிறோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம்தான் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு மூன்று மாதம் செய்து பார்த்தேன். ஒரு மாதம் முழுக்க உழவர் சந்தை. அடுத்த மாதம் தெருவுக்கு வரும் தள்ளுவண்டி. மூன்றாம் மாதம் செல்போன் செயலி. என்ன வாங்கினோம், என்ன சமைத்தோம், எதைத் தூக்கிப் போட்டோம் என்று ஒரு பழைய டைரியில் குறித்து வந்தேன். விலையை ஒப்பிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். போகப் போக விலை பின்னால் போய்விட்டது.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்ததுதான். மதுரை அண்ணா நகர் பக்கம் வீடு. நாங்கள் நான்கு பேர். மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கிழங்கைக் குறைத்துக் காயைக் கூட்ட வேண்டும். காலை எட்டு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு, 190 லிட்டர். காய் வைக்கிற தட்டு அடியில் ஒன்றே ஒன்று.

அந்தத் தட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று சொல்கிறது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம், வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல். நாங்கள் அவ்வளவு சாப்பிடுவதில்லை. வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்தே எட்டு, ஒன்பது கிலோதான் வரும். அந்த எட்டு கிலோவே அந்தத் தட்டில் அடங்காது. வாரம் ஒரு தடவை வாங்கினால் போதும் என்று சொல்கிறவர்கள் யாரும் ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை.

சந்தை

உழவர் சந்தைத் திட்டம் 1999இல் தொடங்கியது எங்கள் அண்ணா நகரில்தான். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிக்குத்தான் அங்கே கடை. வாடகை கிடையாது, தராசும் சந்தையே கொடுக்கும். மொத்த மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்துக் காலையிலேயே அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், வெளிக்கடை விலையைவிடக் கொஞ்சம் குறைவு. பேரம் பேச வராத என்னைப் போன்ற ஆளுக்கு அந்தப் பலகைதான் துணை. அம்மாவுக்கு அதில் சுவாரசியம் குறைவு. பேரம் இல்லாமல் வாங்கிய காய் அவருக்கு ருசிப்பதில்லை.

சந்தையின் பெரிய லாபம் விலை இல்லை, நாட்டுக் காய். பிஞ்சு அவரை, கொத்தவரை, பீர்க்கை, மிதுக்கங்காய், பொன்னாங்கண்ணி, மணத்தக்காளிக் கீரை என்று செயலியில் தேடினாலும் சுலபத்தில் சிக்காதவை இங்கே சாதாரணமாகக் கிடக்கும். முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடிகாலையிலோ பறித்தது என்பதால் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். தை மாதத்து மொச்சைக்காக மட்டுமே சந்தைக்குப் போகலாம்.

சங்கடம் நேரத்தில் இருக்கிறது. ஆறரைக்குப் போனால்தான் பொறுக்கி எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனால் வண்டியை நிறுத்தவே இடம் இருக்காது, கீரையும் முக்கால்வாசி போயிருக்கும். ஒன்பதரைக்கு மேல் போகிறவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. மிச்சத்தைக் கூறு கட்டிக் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். அன்றே சமைத்துவிட முடிந்தவர்களுக்கு மட்டும் அது லாபம்.

முதல் இரண்டு வாரம் நான் செய்த தப்பு, புதிதாகச் சந்தைக்குப் போகிற எல்லாரும் செய்வதுதான். மலிவாக இருக்கிறதே என்று நான்கு கட்டுக் கீரை வாங்கினேன். ஒரு கட்டைக் கடைந்தோம், ஒரு கட்டைப் பொரித்தோம், இரண்டு கட்டு அழுகிப்போனது. ஒரு கிலோ வெண்டைக்காயில் பாதி முற்றி நாராகிவிட்டது. கத்தரிக்காயைக் குளிரில் வைத்துக் கறுக்கவிட்டோம். டைரியைப் பார்த்தால், மூன்று மாதத்திலும் அதிகமாகக் குப்பைக்குப் போனது மலிவாக வாங்கிய அந்த இரண்டு வாரத்தில்தான். நூறு ரூபாய்க் காயை எண்பதுக்கு வாங்கி, கால்வாசியைத் தூக்கிப் போட்டால் வெளிக்கடையில் வாங்கியதைவிட அதிகமாகத்தான் செலவழித்திருக்கிறோம். சாப்பிட்ட காய்க்கு என்ன கொடுத்தோம் என்பதுதான் கணக்கு. வாங்கிய காயின் விலையைப் பார்த்தது என் தப்பு.

இன்னொன்று, வேலை. சந்தைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். வந்த பிறகு கீரை ஆய்ந்து, மிளகாய்க் காம்பு கிள்ளி, கறிவேப்பிலை உருவி, பிரித்து எடுத்து வைக்க இன்னொரு மணி நேரம். அம்மாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்து செய்துவிடுகிறார்கள் என்பதால் எங்களுக்கு ஓடுகிறது. ஆள் இல்லாத வீட்டில் ஞாயிறு காலையே போய்விடும்.

வண்டி

இரண்டாவது மாதம் நிம்மதியான மாதம். வண்டிக்கார அண்ணன் வருவார், அன்றைக்கு வேண்டியதைக் கால் கிலோ, அரைக் கிலோ வாங்குவோம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு. சில்லறை இல்லையென்றால் நாளைக்கு வாங்கிக்கொள்வார். "நாளைக்கு வாழைப்பூ இருந்தா கொண்டாங்கண்ணே" என்றால் நினைவு வைத்திருந்து கொண்டுவருவார். குப்பைக்குப் போனது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விலை சந்தையைவிடக் கூடுதல்தான், ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் வரவில்லை.

அப்படியானால் வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாமே? நிறுத்திக்கொள்ளலாம், வீட்டில் பகலில் ஆள் இருந்து மதியம் சமைக்கிற குடும்பமாக இருந்தால். எங்கள் தெருவுக்கு வண்டி வருவது எட்டரைக்கு. எங்கள் சமையல் ஏழரைக்கே முடிந்துவிடும். ஆக இன்று வாங்குவது நாளைக்குத்தான். நாளைய குழம்பை இன்று எட்டரைக்கே முடிவு செய்தாக வேண்டும், அந்த நேரத்தில் மனைவியும் நானும் அலுவலகத்துக்குப் பாதி வழியில் இருப்போம். அம்மாதான் வாங்குவார். அவர் தன் காலத்துச் சமையலை நினைத்து வாங்குவார். வாரத்தில் மூன்று நாள் வாழைக்காய் வந்தது. தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வண்டியின் செலவு. அது பணமாகத் தெரியாது, அலுப்பாகத் தெரியும்.

மழை நாளில் வண்டி வராது. அன்றைக்குத் திரும்பவும் உருளைக்கிழங்கு.

செயலி

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வருகிறது என்பதை நான் ஏளனமாக நினைத்திருந்தேன். ஒரு மாதம் செய்து பார்த்ததில் அந்த ஏளனம் போய்விட்டது. இஞ்சி 100 கிராம், பீன்ஸ் 250 கிராம் என்று அளந்து வருவது சின்னக் குடும்பத்துக்கு நல்ல விஷயம். ராத்திரி ஒன்பதரைக்குத் தயிர் இல்லை என்று தெரிந்தால் ஒன்பது நாற்பதுக்குத் தயிர் வந்துவிடுகிறது. குப்பை குறைவு.

ஆனால் காயை நாம் பொறுக்க முடியாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க, முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க, தேங்காயைத் தட்டிப் பார்க்க வழியில்லை. எனக்கு வந்த முருங்கைக்காயில் பாதி சக்கை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், சரி, காலையில் சாம்பாருக்கு என்ன செய்வது? கறிவேப்பிலைக்குக் காசு என்பதை அம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான்கு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குமா பில்லு?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விலையில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. டெலிவரிக் கட்டணம் தவிர்க்க வேண்டுமென்றால் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கியாக வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கொத்தமல்லிக் கட்டுக்காகத் திறந்தவன் அந்தக் கோட்டைத் தொடுவதற்காக ஒரு பிஸ்கட், ஒரு நூடுல்ஸ், ஒரு சீஸ் என்று சேர்த்துவிடுவேன். அந்த மாதம் காய்கறிச் செலவு பெரிதாக ஏறவில்லை, நொறுக்குத் தீனிச் செலவு ஏறியது. மகளுக்கு மட்டும் இதுதான் மூன்றிலும் சிறந்த வழி.

சூப்பர் மார்க்கெட்டை நான் தனியாகச் சோதிக்கவில்லை. காயைப் பொறுத்தவரை சந்தையின் விலையும் இல்லை, வண்டியின் கொசுறும் இல்லை, செயலியின் சௌகரியமும் இல்லை. ஏசியில் நிதானமாகப் பொறுக்கலாம், அவ்வளவுதான்.

மாவுக்கு ஒரு நியாயம், காய்க்கு ஒரு நியாயமா?

மூன்று மாதம் முடிந்து டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. எங்கே வாங்குவது என்பதை நான் முதல் கேள்வியாக வைத்திருந்தேன். முதல் கேள்வி, என்ன சமைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறோம் என்பது. அது முடிவானால் கடை தானாக முடிவாகும்.

அதில் எனக்குத் தெரிந்து மூன்று விதம். ஒன்று விடுதி மெஸ் மாதிரி: திங்கள் முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், செவ்வாய் கத்தரிக்காய் காரக்குழம்பு, கோஸ் பொரியல் என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவது. யோசிக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். இதற்குச் செயலிதான் பொருத்தம், ஏனென்றால் பேர் சொன்ன காய் சொன்ன நாளில் வேண்டும். அட்டவணைக்குப் பருவம் தெரியாது என்பதுதான் இதிலுள்ள கோளாறு. மார்கழியில் முருங்கைக்காய் விலை ஏறிக் கிடக்கும்போதும் திங்கட்கிழமை முருங்கைக்காய் கேட்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதிரி நேரத்தில் தக்காளிக் குழம்பு என்று எழுதி ஒட்டிய வீட்டுக்காரர் என்ன செய்வார்?

இரண்டாவது, கண்ணில் பட்டதை வாங்கி, வாங்கியதைச் சமைப்பது. இது வண்டிக்குப் பொருந்தும். அம்மாவின் தலைமுறை இப்படித்தான் சமைத்தது, நன்றாகவே சமைத்தது. ஆனால் அவர்கள் தலைக்குள் ஒரு பெரிய பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஆறு மணிக்கு என் தலைக்குள் எதுவும் ஓடுவதில்லை.

மூன்றாவது விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இட்லி மாவு. ஞாயிற்றுக்கிழமை நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டுகிறோம். திங்களும் செவ்வாயும் இட்லி. புதன்கிழமை தோசை. வியாழக்கிழமை புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம். மிச்சத்தில் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். இதற்கு யாரும் அட்டவணை எழுதியதில்லை. மாவு எந்த நாளில் எதற்குத் தோதாக இருக்கிறதோ அதைச் செய்கிறோம், ஒரு கரண்டி மாவும் வீணாவதில்லை. மாவுக்குச் செய்வதைக் காய்க்கு ஏன் செய்யாமல் இருந்தோம்?

எங்கள் சமையலின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. சாம்பாரில் எந்தக் காயும் போகும். முள்ளங்கி, சௌசௌ, அவரை, கத்தரி, முருங்கை, பரங்கி என்று எது இருந்தாலும் சாம்பார் சாம்பார்தான். கூட்டும் அப்படித்தான். ஆகவே குழம்புக்கு மட்டும் கிழமை குறித்துவிட்டு, காயை வாடுகிற வரிசையில் விட்டுவிட்டோம். திங்கள் பருப்பு, செவ்வாய் புளிக்குழம்பு, புதன் சாம்பார், வியாழன் மோர்க்குழம்பு, வெள்ளி சாம்பார், சனி வத்தக்குழம்பு. இதற்குத் தேவையான பருப்பும் புளியும் மிளகாய்த் தூளும் எப்போதும் வீட்டில் இருப்பவை. சந்தைக்குப் போகும்போது எந்தக் காய் என்று எழுதிப் போவதில்லை. சீக்கிரம் வாடுகிறதில் இரண்டு, நடுத்தரத்தில் மூன்று, தாங்குகிறதில் மூன்று என்று எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்துப் போகிறேன். எது நன்றாக இருக்கிறதோ, எது மலிவோ, அது.

வரிசை இப்படி வருகிறது. கீரை, வாழைப்பூ, காளான் ஆகியவை வாங்கிய மறுநாளே. அடுத்தது வெண்டை, கத்தரி, கொத்தவரை. கத்தரியை வெளியே வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வெண்டையில் ஈரம் படக்கூடாது, துடைத்துத் துணிப்பையில். வாரத்தின் நடுவில் பீன்ஸ், அவரை, புடலை, பீர்க்கை, பாகல். கடைசி இரண்டு நாளுக்கு கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ, சேனை, வெட்டாத பூசணி. தக்காளியில் பாதியைப் பழமாகவும் பாதியைச் செங்காயாகவும் பொறுக்கினால் வெள்ளிக்கிழமைக்கும் கெட்டியாக இருக்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடக்கூடாது. முருங்கைக்காயைத் துண்டு போட்டு டப்பாவில் வைத்தால் குச்சியாகாது. கீரைக்கு வேர் நறுக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பது. சனிக்கிழமை காயே தீர்ந்துவிட்டாலும் கவலையில்லை. மணத்தக்காளி வத்தலும் சுட்ட அப்பளமும் பருப்புத் துவையலும் போதும், எனக்கு அதுதான் வாரத்தின் நல்ல சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறியோ மீனோ உண்டு. இதனால் ஒரு சிக்கல் வந்தது. அன்று காலை வாங்கிய கீரையை அன்றே சமைக்க முடியாது, ராத்திரி கீரை சமைக்க அம்மா விடமாட்டார். அதனால் ஞாயிறு மதியமே ஆய்ந்து வைத்து, திங்கள் காலை கடைந்துவிடுகிறோம். கறி எடுக்காத வீடுகளுக்குச் சனிக்கிழமைச் சந்தை இன்னும் வசதி, கூட்டமும் குறைவு.

கிளம்புவதற்கு முன் நாட்காட்டியைக் கிழித்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. அமாவாசை வருகிற வாரம் அப்பாவுக்குப் படைக்க வாழைக்காய், அவரை, பூசணி என்று நாட்டுக் காய்தான். அன்று வெங்காயம் பூண்டும் கிடையாது, கோஸ், கேரட், பீன்ஸும் கிடையாது. அந்த வாரம் மலைக் காயைக் குறைக்க வேண்டும். புரட்டாசியில் கறிச் செலவு இல்லை, காய்ச் செலவு கூடும். முகூர்த்தம் நிறைய இருக்கிற வாரத்தில் முருங்கையும் வாழைக்காயும் தேங்காயும் ஏறும். எந்தச் செயலியும் இதை நமக்குச் சொல்வதில்லை. சுவரில் தொங்குகிற ஐம்பது ரூபாய்க் காலண்டர் சொல்கிறது.

மளிகை தனி

காயையும் மளிகையையும் ஒரே பட்டியலில் எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும். காய்க்கு வாரம், மளிகைக்கு மாதம். சம்பளம் வந்த முதல் வாரம் அண்ணாச்சி கடையில் லிஸ்ட்டைக் கொடுத்தால் சாயங்காலம் பெட்டியில் வந்துவிடும். விட்டுப்போனதை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். வாரா வாரம் மளிகை வாங்கிப் பார்த்ததில் கடைக்குப் போகிற தடவைதான் கூடியது.

அரிசி மட்டும் மூட்டை. கடைகளில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது தெரியுமா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு விற்கிற அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை. நான்கு பேர் வீட்டுக்கு 26 கிலோ ஒன்றரை மாதம் போல வரும், அதனால் சின்னப் பையில் வாங்குவதற்கு எங்களுக்குக் காரணமே இல்லை. தனி ஆளுக்கு அது மாதக்கணக்கில் கிடந்து வண்டு பிடிக்கும்.

ரேஷன் கார்டு இருந்தால் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. பருப்பை விடக்கூடாது. வேக இரண்டு விசில் கூடுதலாகப் பிடிக்கும் என்று மனைவி சொல்வார், ஊறவைத்துவிட்டால் அதுவும் இல்லை. மாதத்தின் முதல் வாரமே போய்விடுவது நல்லது. பாமாயிலை நாங்கள் பலகாரம் சுட மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரவையும் கடலைப் பருப்பும் வண்டு விடும். அந்த இரண்டு மாதம் அளவைப் பாதியாக்கி, ரவையை வறுத்து வைத்துக்கொள்வோம்.

யாருக்கு எது

எங்களுக்கு இப்போது அமைந்திருப்பது: ஞாயிறு ஆறரை மணிக்குச் சந்தை, ஐந்து மஞ்சள் பை, அடியில் பூசணியும் கேரட்டும், மேலே கீரையும் தக்காளியும். புதன்கிழமை வண்டியில் அம்மா ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ ஏதாவது பச்சைக் காயும் வாங்குவார், எந்தக் காய் என்பது அவர் இஷ்டம். அந்த அரைக் கிலோவை அவர் இஷ்டத்துக்கு விட்ட பிறகு வாழைக்காய் வருவது நின்றுவிட்டது, ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. செயலி அவசரத்துக்கு மட்டும். திடீரென்று விருந்தாளி வந்தால் அதுதான்.

தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர் சந்தைக்குப் போக வேண்டாம். அவர் வாரம் சமைக்கிற நான்கு நாளுக்குக் கால் கிலோவாகச் செயலியில் வாங்குவதே லாபம், அந்தக் கட்டணக் கோட்டுக்கு மட்டும் மயங்காமல் இருந்தால். ஓய்வுபெற்ற தம்பதிக்கு வண்டிதான், காயோடு நாலு வார்த்தை பேச்சும் கிடைக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில், யார் என்ன சொன்னாலும், எது கதவுக்கு வருகிறதோ அதையே வாங்குங்கள். ஐந்தாறு பேர் இருந்து, பெரிய ஃபிரிட்ஜும் இருந்து, ஞாயிறு காலை ஒரு ஆள் விடுபட முடிந்தால் சந்தையை விட்டுவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் சின்னது, ஆளும் இல்லை என்றால் சந்தை ஆசையை விட்டுவிட்டு, குழம்புக்குக் கிழமை குறிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வாங்கினாலும் அது உதவும். ராத்திரி பத்து மணிப் பேச்சு அதில்தான் நின்றது.

டைரி எழுதுவதை இப்போது நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை: கொத்தமல்லி. சந்தையில் கட்டுப் பெரிது, நாலாம் நாள் அழுகுகிறது. வண்டிக் கொசுறு ரசத்துக்கே பற்றாது. செயலியில் வருவது வரும்போதே வாடியிருக்கிறது. டம்ளர் தண்ணீரில் நிற்கவைத்துப் பார்த்தோம், டப்பாவில் துணி விரித்துப் பார்த்தோம். போன வாரம் அம்மா கொத்தமல்லி விதையைத் தேய்த்து உடைத்து மாடித் தொட்டியில் தூவியிருக்கிறார். இன்னும் முளைக்கவில்லை.